17-ம் நம்பர் புளியமரம்

1988-ல் எங்கள் ஊருக்கு நில எடுப்பு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. தொழிற்பேட்டைக்கு என்றார்கள். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். கூட வந்தவர் மரங்களின் பட்டையைச் செதுக்கி, சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டுக்கொண்டே போனார். கிணற்றோரப் புளியமரத்துக்கு 17. அப்பா அன்று இருட்டும் வரை அந்த மரத்தடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அப்போது இருந்தது 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். அதன் 4(1) பிரிவு அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் ஆட்சேபணை தரலாம். அப்பாவும் தந்தார். "பொதுக் காரியம் பெரியவரே, நாங்க என்ன பண்ண முடியும்?" என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களைப் பார்த்து விலை வைத்தார்கள். முத்திரைச் செலவுக்குப் பயந்து எல்லாரும் குறைத்துக் காட்டிய விலைகள் அவை. அதன்மேல் 30 சதவீதம் ஆறுதல் தொகை. எங்கள் வயலில் நாற்று நட்ட பெண்களுக்கு ஒரு பைசா கிடையாது. கூடுதல் தொகை கேட்டு கோர்ட்டுக்குப் போனோம். தீர்ப்பு வந்தபோது அப்பா இல்லை.

போன வருஷம் தம்பி போன் செய்தான். "அண்ணே, மிச்சம் கெடந்த ஒண்ணேகால் ஏக்கருக்கும் நோட்டீஸ் வந்திருச்சு." இந்த முறை சங்கிலி இல்லை, ட்ரோன் பறந்தது.

சட்டமும் மாறியிருக்கிறது. 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 2013-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி ஆறுதல் தொகை 100 சதவீதம். கிராமத்து நிலத்தின் சந்தை மதிப்பை இரண்டு மடங்கு வரை உயர்த்தலாம். பிழைப்பை இழக்கும் விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்டவர்கள் என்று அது ஒப்புக்கொண்டது. பெரிய மாற்றம்தான்.

ஆனால் அந்தச் சட்டத்தின் உயிர்நாடி வேறு. நிலத்தைத் தொடுமுன் சமூகத் தாக்க மதிப்பீடு, ஊரில் பொது விசாரணை, தனியார் நிறுவனத்துக்கு என்றால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம். தமிழ்நாடு அந்த மத்தியச் சட்டத்தில் 105-ஏ பிரிவைச் சேர்த்து, தொழில், நெடுஞ்சாலை உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் எடுக்கும் நிலங்களுக்கு இவை வேண்டாம் என்று விலக்கிவிட்டது. 2019-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதே ஆண்டு மாநிலம் அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

அப்பாவிடம் கேட்காத சம்மதத்தைத் தம்பியிடமும் யாரும் கேட்கவில்லை. ஏறியிருப்பது விலை மட்டும்தான்.

தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தம்பி மகன் வேலை பார்ப்பதே அந்தத் தொழிற்பேட்டையில்தான். ஆனால் 17-ம் நம்பர் மரம் நின்ற இடம் இன்றும் கம்பிவேலிக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எவ்வளவு நிலம் உண்மையிலேயே வேண்டும் என்று அன்றே ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால், அதையாவது விட்டிருப்பார்கள்.

இனியாவது அளப்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள். கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.