வாலறுந்த வார்த்தை

ஏலே பேராண்டி, கயித்துக் கட்டில்ல நான் தல சாய்க்க எடமில்லாம மூணு போனு, ஒரு டேப்லெட்டு, ஒரு லேப்டாப்புன்னு பரப்பி வச்சிருக்கியே, கருவாடா காயப்போடுத? கொஞ்சம் தள்ளு. படுக்க வரல, ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.

விதைக்கடை அண்ணாச்சிக்கு வெப்சைட் நீதான செஞ்ச? சிபாரிசு நாந்தான். “எந்த ஸ்கிரீன்லயும் கச்சிதமா நிக்கும் தாத்தா”ன்னு அடிச்சுச் சொன்ன. நின்னுச்சு. உரமூட்டைப் படத்துக்குக் கீழ ‘கடனுக்குக் கொடுக்கப்படமாட்டாது’ன்னு போடச் சொன்னாரு அண்ணாச்சி. உன் லேப்டாப்புல அது முழுசா இருந்துச்சு. ஊர்க்காரன் கையில இருக்குத 360 அகலப் போன்ல ‘கடனுக்குக் கொடுக்கப்பட’ன்னு வந்து, மூணு புள்ளியோட நின்னு போச்சு. ஒரு வாரமா அண்ணாச்சி கடையில கொடைக் கூட்டம். இங்கிலீசுக்காரன் ‘நோ’வ வாசல்லயே சொல்லிப்புடுவான், வால வெட்டுனாலும் அவன் பொழச்சிக்கிடுவான். நமக்கு ‘மாட்டேன்’ங்கிறது வாலுலல்லா தொங்குது! அத நறுக்கிட்டா கஞ்சப்பயலும் கர்ணனாயிருவான்.

கேட்டா, “எல்லா பிரேக்பாயிண்டும் போட்டுருக்கேன் தாத்தா”ங்குத. எந்தெந்த அகலத்துல பக்கம் உருமாறணும்ங்குத அந்த நம்பரெல்லாம், ராத்திரி பூரா போன்ல நீ கத்துததக் கேட்டு எனக்கே மனப்பாடமாயிருச்சு: 576, 768, 992, 1200, 1400. பூட்ஸ்டிராப்புக்காரன் குடுத்தத கோயில் கல்வெட்டுன்னு நெனச்சிட்டியோ? 2010-ல வந்த ஐபேட நெட்டக்குத்தலா நிறுத்துனா அகலம் 768-ன்னு நீதான ஒருநா சொன்ன. அன்னைக்கு ஒருத்தன் இடுப்ப அளந்த டெய்லரு, அந்த அளவ வச்சே இன்னும் ஊருக்கு டவுசர் தைக்கான். மொத ஐபோனுக்கு 320. சாம்சங்காரன் மொதல்ல விட்ட மடக்குப் போன மூடி வச்சா 280. நாளைக்கு எவனாவது தீப்பெட்டி அகலத்துல ஒண்ண விடுவான். எத்தன இடுப்பத்தான் அளப்ப? கல்யாணத்தன்னைக்கு இருந்த இடுப்பா எனக்கு இப்ப இருக்கு? நாலு வேட்டிதான் மாத்தி மாத்திக் கட்டுதேன். வேட்டிக்கு ஏதுடே பிரேக்பாயிண்டு? மடிச்சிக் கட்டுதது ஒண்ணுதான். அதுவும் சகதியப் பாத்துத்தான் மடிக்கணும், மைல்கல்லப் பாத்து மடிச்சா சிரிக்க மாட்டானா?

ஸ்கிரீனுக்குத் தக்கன பக்கம் வளையுத வித்தைக்கு ரெஸ்பான்சிவ்னு பேரு வச்ச ஈதன் மார்க்காட், 2010 மே மாசம் எழுதுன கட்டுரைய நீதான் எனக்கு வாசிச்சுக் காட்டுன. கூட்டம் கிட்ட வந்தா வளைஞ்சு குடுக்குத சுவரு கட்டுத ஆளுகளப் பாத்துல்லா அந்தப் பேரப் புடிச்சாராம். மூணு சாமான் சொன்னாரு மனுசன். பத்தி அகலத்த சதவீதத்துல வையி, படம் இருக்குத எடத்துக்குள்ள அடங்கட்டும், அப்புறம் ஸ்கிரீன் அகலத்தப் பாத்து மாத்துத மீடியா குவெரி, அதுலதான் உன் பிரேக்பாயிண்டு. நீ மொத ரெண்டயும் தூக்கிப் போட்டுட்டு மூணாவத மட்டும் கட்டிக்கிட்டு அழுத. சோத்தையும் கொழம்பையும் விட்டுட்டு ஊறுகாய்க்கு அஞ்சு வாட்டி இலைய நீட்டுன கதைதான்.

போன்ல அந்த உரமூட்டைப் பெட்டிக்கு அகலம் 160-ன்னு ஆணி அடிச்சது யாரு? ஒரு வரிக்கு மேல போவாதன்னு சொல்லுக்கு மூக்கணாங்கயிறு போட்டது யாரு? பெட்டி ஒண்ணுக்கு இம்புட்டாவது அகலம் வேணும், எடமிருந்தா பக்கத்துல நில்லு, இல்லன்னா கீழ எறங்குன்னு கிரிட்டுக்கிட்ட ஒத்த வரி சொன்னாப் போதும், பிரேக்பாயிண்டே வேண்டாம்னு போன வாரம் உன் கூட்டாளிக்குப் பாடம் நடத்துனியே! ஊருக்குத்தான் உபதேசமா?

நான் சொல்லுததக் கேளு. ஜன்னல 320-க்குச் சுருக்கிட்டு, ஓரத்தப் புடிச்சி மெல்ல மெல்ல இழு. லோரம் இப்சம்னு ஒடஞ்ச லத்தீனக் கொட்டி நெரப்பிப் பாக்காத, அண்ணாச்சியோட தமிழையே போட்டுப் பாரு. அவரு சொல்லுல ஒவ்வொண்ணும் கூட்ஸ் வண்டி நீளம். எங்ஙன சொல்லு மூச்சு முட்டுதோ, எங்ஙன வரி நீண்டுக்கிட்டே போயி அடுத்த வரி தொடங்குத எடம் கண்ணுக்குத் தப்புதோ, அங்ஙன நிறுத்தி மடிச்சிக் கட்டு. அது 641-னு வந்தா என்ன, 873-னு வந்தா என்ன? பொண்ணு பாக்கவா போற, நல்ல நம்பரு வேணும்னு?

அந்தக் கன்டெய்னர் குவெரி சமாச்சாரம் எனக்குப் புடிச்சிருக்குடே. 2023-லயே பெரிய பிரவுசர் எல்லாத்துலயும் வந்துருச்சுன்னு சொன்ன, ஆனா உன் வேலையில அத நான் காணல. ஊரு எம்புட்டு அகலம்னு பாத்தா காலு நீட்டுவோம்? கட்டிலப் பாத்துத்தான நீட்டுவோம்! பெட்டியும் அப்பிடித்தான். ஸ்கிரீனு 1200 இருக்கட்டும், அது ஓரச்சாய்ப்புல ஒடுங்கிக் கெடந்தா தனக்குக் கெடச்ச எடத்தத்தான அளக்கணும்?

இன்னொண்ணு, இது என் சொந்த வழக்கு. கண்புரை அறுத்த கண்ணு, லேப்டாப்புல எழுத்த நாலு மடங்கு பெருசாக்குனாத்தான் தெரியும். 1280 அகலத்துல நாலு மடங்கு பெருசாக்குனா மிஞ்சுதது 320, போனு அகலம்தான். அப்பவும் பக்கவாட்டுல இழுக்க விடாம வாசிக்க முடியணும்னு 2018-லயே அணுகல் விதி எழுதி வச்சிருக்கான். நீ என்னடான்னா போனுக்குன்னு தனி, கம்ப்யூட்டருக்குன்னு தனின்னு வேலி போடுத. நான் எந்த வேலிக்குள்ள மேய? பிரேக்பாயிண்ட பிக்சல்ல எழுதாம எழுத்து அளவ வச்சு ‘எம்’முல எழுதிப் பாரு. எழுத்து ஊதுனா அதுவும் சேந்து நகரும். அந்த வியூபோர்ட் வரிய மட்டும் இன்னொருக்கா மறந்துறாத. போன தடவ மறந்து, ஐபோனு தன் அகலம் 980-ன்னு நெனச்சிக்கிட்டு, அண்ணாச்சி மொகமே கடுகு மாதிரித் தெரிஞ்சுச்சு.

என்ன, இப்பவே ஒக்காந்து சரி பண்ணிருதியா? பொறுடே, பொறு. எதுக்குப் பறக்குத? நேத்து சாயங்காலம் அந்தப் போனத்தான் அண்ணாச்சிகிட்ட நீட்டி, “உம்ம எழுத்துத்தானவே இது, ‘கொடுக்கப்பட’ன்னுல்லா இருக்கு”ன்னு ரெண்டு மூட்டை டி.ஏ.பி. கடனுக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன். வண்டி வெள்ளிக்கிழமதான் வரும். நீ சனிக்கிழமைக்கு மேல தொடு.