பாதி முகம் போதும்

முதலில் வீட்டிலுள்ள டியூப் லைட்டுகளை எல்லாம் அணையுங்கள். "கரண்ட் போயிடுச்சா?" என்று அடுப்படியிலிருந்து பெரியம்மாவின் குரல் வரும். பதில் சொல்லாதீர்கள். சொன்னால் லைட்டைப் போட்டுவிடுவார்.

அடுத்து, போட்டோவுக்கு ஆள். குழந்தைகள் வேண்டாம். வழவழவென்ற கன்னத்தில் நிழலுக்குத் தங்க இடமில்லை. பெரியப்பாதான் சரி. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். கன்னத்தில் பள்ளம், நெற்றியில் மூன்று கோடு, எல்லாம் தயாராக இருக்கும். போட்டோ என்றதும் அவர் குளித்து, பவுடர் பூசி, சட்டைப் பையில் பேனா செருகி வந்து நிற்பார். பேனா இருக்கட்டும், பவுடரைத் துடையுங்கள்.

பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். நம் ஊர் ஸ்டூடியோக்களில் கண்ணாடிக்குக் கீழே சீப்போடு ஒரு பவுடர் டப்பாவும் காத்திருந்தது எதற்கு? வந்தவரை ஒரு சுற்று வெளுப்பாக்கி அனுப்பத்தான். உண்மையில் ஒரு பக்கமாக விழும் வெளிச்சத்துக்குக் கறுப்புத் தோல் இசைவதுபோல் வேறெதுவும் இசையாது. கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் ஒளி பட்டு மின்னும். மற்றதெல்லாம் படிப்படியாக இருட்டில் இறங்கும். பவுடர் அந்த மினுக்கத்தைக் கொன்று, முகத்தில் விபூதி கொட்டியதுபோல் ஆக்கிவிடும். இதையெல்லாம் பெரியப்பாவிடம் விளக்க வேண்டாம். "வேர்த்திருக்கு, துடைச்சுக்குங்க" என்று துண்டை நீட்டினால் போதும்.

இனி ஜன்னல். ஒன்றே ஒன்று. கீழ்க்கதவைச் சாத்திவிட்டு மேல்கதவை மட்டும் திறங்கள். வெளிச்சம் கண்ணுக்கு மேலிருந்து சரிந்து வர வேண்டும். ஜன்னல் பெரியப்பாவுக்கு ஒரு பக்கமாக, சற்று முன்னால், சுமார் 45 டிகிரியில் இருக்கட்டும். முகத்தை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். மூக்கின் நிழல் போய்க் கன்னத்து நிழலோடு ஒட்டும்போது, இருட்டுப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் தங்கும். அது கண்ணைவிட அகலமாகவோ மூக்கைவிட நீளமாகவோ இருக்கக் கூடாது. இதற்கு, ஓவியர் ரெம்ப்ராண்டை வைத்து, ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்று பெயர். நீங்கள் கேமராவுக்குப் போவதற்குள் பெரியப்பா நேராகத் திரும்பியிருப்பார். மனுவில் ஒட்டிய படங்களாகவே பார்த்துப் பழகியவர். போட்டோ என்றால் இரண்டு காதும் தெரிய வேண்டும் அவருக்கு.

பெயரை மறந்துவிடாதீர்கள், காசு அதில்தான் இருக்கிறது. 1915இல் 'தி வாரன்ஸ் ஆஃப் வர்ஜீனியா' என்ற மௌனப் படத்தில் செசில் பி. டிமில் நடிகர்களின் முகத்தில் பாதியை இருட்டில் விட்டார். பாதி முகத்துக்குத் தியேட்டர்காரர்கள் பாதிப் பணம்தான் தருவார்கள் என்று கூட்டாளி சாம் கோல்ட்வின் பதறினாராம். இது ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்று டிமில் சொன்னதும், அப்படியானால் இரண்டு மடங்கு கேட்கலாமே என்றாராம். பெரியம்மாவிடம் ரெம்ப்ராண்ட் எடுபடாது. பி.சி. ஸ்ரீராம், 'நாயகன்', 1987 என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த தொல்லை சுவர். வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பும் வெளிச்சம், நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த நிழலைக் கழுவிவிடும். இருட்டுப் பக்கம் ஒரு கறுப்புக் குடையை விரித்து வையுங்கள். கம்பி பெரியப்பாவின் காதைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காது எப்படியும் படத்தில் வராது என்றாலும். நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்திலும் பின்சுவருக்குத் தூரத்திலும் போட்டால் காலண்டர், மிக்சி வந்த அட்டைப்பெட்டி, கொடியில் தொங்கும் லுங்கி எல்லாம் கறுப்புக்குள் போய்விடும். இந்தக் கலையில் வீட்டைப் பெருக்க வேண்டியதில்லை.

செல்போன் இருட்டைக் கண்டால் பயப்படும். தானாகவே வெளிச்சத்தை ஏற்றி, பெரியப்பாவை மறுபடி தாலுகா ஆபீசுக்கே கொண்டுபோய்விடும். நைட் மோடை அணையுங்கள். திரையில் அவர் முகத்தின் பளிச்சென்ற இடத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் குட்டிச் சூரியனைக் கீழே இழுங்கள். இன்னும் கொஞ்சம். பயமாக இருக்கிறதா? அதுதான் அளவு.

கடைசியாக முகபாவம். 1941 டிசம்பரில் ஒட்டாவாவில் புகைப்படக்காரர் யூசுப் கார்ஷ், சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டு கேமராவை அழுத்தினார். உலகமெங்கும் போன படத்தில் இருப்பது அந்தக் கடுகடுப்புத்தான். பெரியப்பாவுக்குச் சுருட்டுப் பழக்கம் இல்லை. டி.வி. ரிமோட்டைப் பிடுங்குங்கள்.

படத்தைக் காட்டியதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். "இன்னொரு காது எங்கடா?" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கம்பீரமாத்தான் இருக்கு. பத்திரமா வை, பின்னாடி பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி போட ஆகும்" என்பார்.

பெரியம்மா எட்டிப் பார்ப்பார். "இதைப் போட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. யாரு போனதுன்னே தெரியாது."