ஓடும் முகத்தை நிறுத்துதல்: ஓர் அளவையியல் விசாரணை

மனிதன் எத்தனை வருஷம் வாழ்ந்தாலும், தன் மரண அறிவித்தலுக்கென்று நல்ல படமொன்றை எடுத்து வைத்துவிட்டுப் போகும் தீர்க்கதரிசனம் அவனுக்கு வாய்ப்பதில்லை என்பது, மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்கு இப்பாலும் அப்பாலும் தொழில் நடத்தும் ஸ்டூடியோக்காரர் ஒருமனதாக ஒப்பும் உண்மையாகும். அடையாள அட்டைப் படம் இருக்குமே என்று ஆட்சேபிப்போர், பெற்ற பிள்ளைகளே அப்படத்தைக் கண்டு திகைக்கும் சங்கடத்தைப் பாராதவர். ஆகவே, 31ஆம் நாள் நினைவு மலர் அச்சுக்குப் போகவேண்டிய அவசரத்திலே, யாரோ ஒரு மருமகளின் சாமத்தியச் சடங்கு வீடியோவில் அன்னார் பந்தியிலிருந்து உண்ட காட்சி உண்டென்று எவருக்கேனும் ஞாபகம் வர, ஓடும் வீடியோவில் ஒரு முகத்தை நிறுத்திப் படமாக எடுக்கும் நமது சாஸ்திரம் அங்கிருந்து உற்பத்தியாகிறது.

இதற்குச் சைவ சித்தாந்திகள் கொண்ட காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளே போதும்.

காட்சியளவையால் பெறப்படுவது யாதெனில், நமது தீவின் பழைய வீடியோ முறையில் ஒரு நொடிக்கு 25 படங்கள் உண்டென்பதும், அவற்றுள் பெரும்பாலானவற்றில் அன்னார் கண்ணைப் பாதி மூடியோ சோற்றை மென்றுகொண்டோ காணப்படுவார் என்பதுமாம். யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகளின் சமாதி அமைந்த ஊரிலிருந்துகொண்டு கணக்கின்றி எழுதுவது அபசாரமாதலால், இதையும் கணக்கிட்டே காட்டுவோம். படமொன்றின் அகலம் 720 புள்ளி, உயரம் 576 புள்ளி. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமெனின், வாழையிலை, வாளி, குறுக்கே ஓடும் குழந்தை சகிதம் முழுக் காட்சியுமே 2.4 அங்குல அகலத்தில் முடிந்துவிடும். அதில் பத்திலொரு பங்கான முகமோ கால் அங்குலந்தானும் தேறாது. அதையே முழுப் பக்கத்துக்கும், பின்னர் சந்தியிற் கட்டும் பதாகைக்கும் பெருப்பிப்பது, ஒரு சட்டித் தயிரில் நீர் வார்த்து ஊர்ப் பந்தி முழுவதற்கும் பரிமாறுவதையொத்த சாகசம். அன்றியும், அப்புள்ளிகள் சதுரமல்ல, 720ஐ 768 ஆக விரிக்காது அச்சிட்டால், "வருத்தத்தில கிடக்கக்குள்ள எடுத்த படமோ?" என்று வந்தவர்கள் விசாரிப்பர்.

கருதலளவை இதனினும் நுட்பமானது. அக்காலப் படம் ஒவ்வொன்றும் இரு பாதிகளாலானது. ஒன்றுவிட்டொரு வரிகள் முன்னும் எஞ்சிய வரிகள் ஐம்பதிலொரு நொடி பின்னும் பதிவாகும். அவ்விடைவெளியில் அன்னார் தலையைத் திருப்பினாராயின், ஓரமெல்லாம் சீப்புப் பல்லாய்ப் பிளந்து நிற்கும். ஒரு பாதியை எறிந்துவிட்டு, மேல் வரியையும் கீழ் வரியையும் கொண்டு நடுவரியை ஊகிப்பதே பரிகாரம். புகையைக் கண்டு நெருப்பைத் துணியும் தார்க்கிகர்போல, ஸ்டூடியோக்காரர் புருவத்தைக் கண்டு கண்ணைத் துணிகிறார். நாம் மலர் தூவி வணங்கும் முகத்திற் பாதி அனுமானப் பிரமாணம்.

ஆயினும் இவையிரண்டையும் வெல்வது உரையளவையே. துலக்கமான படத்தைத் தெரிந்து வைத்தபின், மூத்த தங்கச்சி வந்து, "இது நம்மட அண்ணன்ட முகமில்ல, அவர் வாயக் கோணித்தான் சிரிப்பார்" என்று தள்ளிவிட்டு, மங்கிக் கலங்கிய வேறொன்றைக் காட்டி, "இதுதான்" என்பார். உறவினர் அறிந்தது அசைந்த முகத்தை. துலக்கத்துக்கும் சாயலுக்கும் சம்பந்தமில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்து நாவலடியிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் வீட்டோடு அல்பத்தையும் இழந்தவர்கள், அயலூர் உறவினரிடம் தப்பிய வீடியோவில் இந்த ஒரு சாயலைத்தான் தேடினார்கள். அவ்விடத்தில் எம் விளையாட்டுக்கு வேலையில்லை.

இக்காலக் கைப்பேசிகள் வீடியோவிலேயே 3840 புள்ளி அகலம் தருவதால் 12.8 அங்குலம்வரை அச்சிடலாமென்பர். எடுப்பவர் கை நடுங்குவதற்கு மட்டும் அதிலும் முழுப் பரிகாரமில்லை.

எஞ்சியது சத்திர சிகிச்சை. வெற்று மேனியோடு பந்தியிலிருந்தவருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்து, அருகிருந்தவரின் கையைத் தோளிலிருந்து அழிக்கவேண்டும். அவசரத்தில் அது முற்றும் அழியாமற்போய், கோட்டின்மேல் நான்கு விரல்கள் எஞ்சிவிடுவதும், அவை தம்முடையவையே என்று மைத்துனர் இருவர் உரிமை கோருவதும் உண்டு.