பொனட்டியல்: மலைநாட்டுப் பழைய கார்களும் அவற்றைச் சுற்றிக் கூடுவோரும்

1. பாயிரம்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் நேற்று வாங்கிய ஜப்பான் கார் ஒன்று நின்றுபோனால், பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள், முந்திப் போகும்போது முறைப்பார்கள், அத்தோடு சரி. அதே வளைவில் ஒரு மொரிஸ் மைனர் பொனட்டைத் தூக்கிக்கொண்டு நின்றால் கதை வேறு. லொறி நிற்கும், ஓட்டோ நிற்கும், கொழுந்துச் சாக்கோடு மலையிறங்கி வருகிறவர்களும் நிற்பார்கள். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் சபை கூடிவிடும். அச்சபையில் யார் யார் கூடுகிறார்கள், கூடி என்ன செய்கிறார்கள் என்பதை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாமல் விட்டது வியப்புக்குரியது. அக்குறையை நீக்கப் புகுந்தது இக்கட்டுரை.

நாம் நிறுவ முயலும் கருதுகோள் இது: பழைய கார்ப் பிரியர்களை ஒன்றுசேர்ப்பது காரின் அழகோ வேகமோ அன்று, அதன் பழுதுதான்.

வரைவிலக்கணம்: இக்கட்டுரையில் ‘பழைய கார்’ எனப்படுவது, கப்பலிலிருந்து இறங்கிய நாளில் ஒரு தோட்டத் துரையை நம்பியும், இன்று ஒரு கராஜ் பாஸை நம்பியும் உயிர்வாழும் வாகனமாகும்.

2. திணையியல்

களம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவும், அதற்கு ஏறும் வீதிகளும். மலையும் மலைசார்ந்த இடமும் ஆதலால் குறிஞ்சி. தெய்வம் முருகன்; டாஷ்போர்டில் ஒட்டப்பட்டிருப்பவர் அவருடைய அண்ணன். உணவு ரொட்டியும் சம்பலும். பறை, சாவியைத் திருப்பியதும் டிக் டிக்கென அடிக்கும் பெற்றோல் பம்ப். தொழில், உப்புத்தாளால் பொயின்ட் தேய்த்தல்.

உரிப்பொருளில்தான் சிக்கல். குறிஞ்சிக்குரியது புணர்தல் என்பது இலக்கணம். பழைய கார்க்காரரோ கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து சாமான் வரும்வரை முல்லைக்குரிய இருத்தலில் இருக்கிறார். காரில் ஏறிவந்த மைத்துனர் பொறுமையிழந்து பஸ் ஏறும்போது பாலைக்குரிய பிரிதல் நிகழ்கிறது. கராஜ் கணக்கைப் பார்த்ததும் நெய்தலின் இரங்கல். அதை வீட்டில் சொன்னதும் மருதத்தின் ஊடல். ஐந்து உரிப்பொருளும் ஒரே நிலத்தில், சில வேளை ஒரே மாலையில் வந்து சேர்வதைத் திணைமயக்கம் என்று உரையாசிரியர்கள் ஏற்றுக்கொள்வர் என நம்புகிறோம்.

3. பழுதின் காரணவியல்

கார்கள் எல்லா ஊரிலும் பழுதாகின்றன. ஆயினும் மலைநாட்டுப் பழுதுக்குத் தனி இலக்கணம் உண்டு.

முதலாவது, காற்று. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. 948 சி.சி. மைனரின் எஞ்சினுக்குத் தொழிற்சாலை கொடுத்த வலு 37 குதிரைகள். நானுஓயா தாண்டும்போது அவற்றில் ஆறு குதிரைகள் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போயிருக்கும். கார்புரேட்டரோ பழைய கணக்கிலேயே பெற்றோல் ஊற்றும், புகை கறுக்கும்.

இரண்டாவது, நீர். இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகைவரை காத்திருப்பதில்லை. 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் சூடாகும், தண்ணீரோ விரைவில் பொறுமையிழக்கும். ரேடியேட்டர் மூடி வழியே ஆவி சீறுவது இவ்விரண்டின் கூட்டு விளைவு.

மூன்றாவது, பெற்றோல். சூடேறிய குழாய்க்குள் அது ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். மருந்து, குழாயில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது. ஊர்க்கதை பேசுவதற்கு இதைவிடத் தகுந்த சிகிச்சை முறை மருத்துவத்திலும் இல்லை.

நான்காவது, கியர். மைனரின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ரம்பொடை ஏற்றத்துக் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் மூச்சுமுட்டி, முதலாவதுக்கு மாற்ற முயல்பவர் எழுப்பும் ‘கர்ர்ர்’ ஒலி அடுத்த மலைவரை கேட்கும். சபைக்கு விடுக்கப்படும் அழைப்பு அதுவே.

4. வரலாற்றியல்

மொரிஸ் மைனர் 1948-இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளியானது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். மாதிரி கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அந்த அகலத்தையே வைத்துக்கொண்டார். பொனட்டின் நடுவே ஓடும் புடைப்பு அந்த அறுவைசிகிச்சையின் தழும்பு. நிறுவனத்தின் அதிபர் நஃபீல்ட் பிரபு இதை ஓடுடைத்து வெந்நீரில் அவித்த முட்டை என்று இகழ்ந்தார். முட்டை பதினாறு இலட்சத்துக்கு மேல் விற்றது.

தோட்டங்களில் இதுவும் ஒஸ்டினும் ஹில்மனும் பங்களா வாசலுக்கு உரியவை. அக்காலத்தில் துரையின் கார் வரும் சத்தம் கேட்டால் தொழிலாளர் குடையை மடக்கி, தலைத்துண்டை இறக்கி, கானோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். காரின் முன்பக்கத்தை நேராகப் பார்ப்பதே அத்துமீறல். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது லயத்துக்குத் தெரியாத இரகசியம்.

பிறகு மூன்று காரியங்கள் நடந்தன. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. 1977-இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்த கார்களை வைத்தே நாடு ஓடவேண்டியிருந்தது. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் போயின. வெள்ளைத் துரைமார் கப்பலேறினர், கார்கள் ஏறவில்லை. மூன்றாவதாக, பங்களா வாசலைவிட்டு இறங்கிய கார்கள் ஹயர் கார்களாகவும் கல்யாணக் கார்களாகவும் கடைத்தெருவுக்கு வந்தன. கானோரம் நின்றவர்களின் பிள்ளைகள் கராஜ்களில் வேலை பழகினார்கள். இரகசியம் வெளியானது.

இதற்கொரு வேடிக்கையான பின்கதை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிறுவனமொன்று, அவற்றுக்குரிய உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்துத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனது. காரை அனுப்பியவர்களுக்கு அதன் உறுப்புகளை அனுப்பிவைக்கும் நிலைக்கு நாம் வந்தோம் என்பதைப் பொருளியலாளர் கவனிக்க.

5. கூடுவோர் வகையியல்

திறந்த பொனட்டைச் சுற்றி நிற்போர் ஆறு வகையினர்.

முதலாமவர் வினவுநர். “என்ன மொடல்?” என்பார். விடை கிடைத்ததும், “விக்கிற யோசனை இருக்கா?” என்பார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் இவ்வினத்தார் பெருகினர். 2025-இல் தடை தளர்ந்த பிறகும் குறையவில்லை.

இரண்டாமவர் வரலாற்றுநர். “எங்க தோட்டத்துப் பெரிய தொரை இதே கார்தான் வச்சிருந்தாரு” என்று தொடங்குவார். ஒரு துரை ஒரே வேளையில் எத்தனை தோட்டங்களில் இதே காரை வைத்திருந்தார் என்பதைக் கணக்கிட வேறோர் ஆய்வு தேவை.

மூன்றாமவர் தூரநோக்குநர். பஸ் சாரதி. இறங்கமாட்டார், வேகத்தை மட்டும் குறைத்து, “பொயின்ட்டப் பாருங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால்தான் அவர்மீது எல்லோருக்கும் கோபம்.

நான்காமவர் நெறிபிறழ்ந்தோர், அதாவது வொக்ஸ்வேகன் பீட்டில்காரர். காற்றால் குளிரும் எஞ்சின் ஆதலால் அவரிடம் ரேடியேட்டரே இல்லை. கொதிக்கும் மைனரைப் பார்த்து அவர் பூக்கும் புன்னகை பண்புடையோர் செய்வதன்று. அவருடைய கார் நின்றால் கூட்டம் வழக்கம்போல முன்பக்கத்தில் கூடும்; எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கும். நீதி இவ்வாறு நிலைநிறுத்தப்படுகிறது.

ஐந்தாமவர் பாஸ். யாரோ போன் செய்து, யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றி வருவார்கள். வந்ததும் பேசமாட்டார். காது கொடுப்பார். டிக் டிக் கேட்கவில்லை. எஞ்சினுக்குப் பின்னால் தகட்டில் பொருத்தியிருக்கும் பெற்றோல் பம்ப்பை ஸ்பேனரின் பின்முனையால் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த பொயின்ட் விலகும். டிக்... டிக்... டிக்டிக்டிக். சபை முழுவதும் மூச்சு விடும். “கார்ல ஒன்னும் இல்ல சேர். பொயின்ட் ஒட்டிக்கிச்சு. வந்து மாத்திக்குங்க” என்பார். சேர் வரமாட்டார் என்பது பாஸுக்கும் தெரியும், பம்ப்புக்கும் தெரியும்.

ஆறாமவர் மலையிறங்கி வரும் கொழுந்தெடுக்கும் அக்கா. பாஸ் வருமுன் மற்றவர்கள் ஒரு மணித்தியாலமாகக் கொயிலா, பிளக்கா என்று வாதிட்டுக்கொண்டிருக்க, சாக்கை இறக்காமலே ஒரு பார்வை பார்த்து, “எறக்கமாத்தானே இருக்கு, திருப்பிவச்சுத் தள்ளிப் பாருங்களேன்” என்பார். அறிஞர் சபைகளில் இத்தகைய கருத்துகள் குறிப்பேட்டில் ஏற்றப்படுவதில்லை. கார் மட்டும் அக்கருத்தை ஏற்று ஓடத் தொடங்கும்.

6. சமயவியல்

பழைய கார் அடியார்களுள் இரு கலையார் உளர். ஒரு கலையார், தொழிற்சாலையில் வைத்த எஞ்சினை மாற்றுவது பாவம் என்பர். ஒரிஜினல் திருகாணிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். மறு கலையார், உடம்பு மைனராக இருந்தால் போதும் என்று உள்ளே டட்சன் எஞ்சினை இறக்கிவிடுவர்.

இது வைணவம் கண்ட பிணக்கே. முன்னவர் வடகலையார்: குட்டிக்குரங்கு தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல், சொந்த முயற்சியாலே உய்வு. பின்னவர் தென்கலையார்: பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல், ஜப்பானின் அருளாலே உய்வு. மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் தென்கலையார் முந்துவர். ஆனால் அவர்களுடைய பொனட்டைத் திறந்தால் வரலாற்றுநர் பேச்சிழந்து நிற்பார், சபை களையிழக்கும். நம் கருதுகோளுக்கு இது வலுவான சான்று.

7. மறுப்பியல்

‘இப்பொழுதுபோக்கின் உயிர் வேகமே, 1934-இல் மகாகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி தொடங்கியது எதற்காக?’ என்று வாதிடுவார் உளர். அவர்கள் ஏப்ரல் சீசனில் நேரில் வந்து பார்க்கட்டும். ஒரு கார் உறுமிக்கொண்டு ஏறிக் கண்ணைவிட்டு மறைய அதிக நேரம் ஆவதில்லை. அதற்குமுன் பொனட்டைத் திறந்து வைத்து, கழுத்து மப்ளரோடு குனிந்து நின்று பேசுவதற்கு முழுக் காலைப்பொழுதும் போகிறது. கொழும்பிலிருந்து மெருகேற்றி வரும் கார்களும் அப்படியே. ஒருவர் மற்றவரைப் பார்த்து, “வழியில் எங்கே நின்றது?” என்றுதான் நலம் விசாரிப்பார். எங்கும் நிற்கவில்லை என்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

8. முடிபும் பரிந்துரையும்

ஓடும் காரில் நால்வர் அமரலாம். நின்ற காரைச் சுற்றி ஊரே நிற்கலாம். ஓடும்போது சொந்தக்காரர் ஒருவர். நின்றதும் அது பொதுச்சொத்து. அன்று காரைக் கண்டதும் ஒதுங்கி நிற்கச் சொன்ன அதே வீதியில், இன்று அதன் தலைக்குள் கைவிட்டுப் பார்க்க எவரும் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. நிலச்சீர்திருத்தம் செய்து முடிக்காத ஒரு வேலையை ஒட்டிக்கொண்ட பொயின்ட் ஒன்று செய்து முடித்திருக்கிறது.

ஆதலால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒரு பரிந்துரை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் முன்னைய உரிமையாளர்களுக்கு இடம் உண்டு; ‘தள்ளியவர்கள்’ என்றொரு நிரலையும் சேர்த்தல் வேண்டும். சேர்த்தால் துரையின் பெயர் ஒரு வரியில் முடிந்துவிடும். மற்றவர்களுக்குத் தோட்டம் தோட்டமாகத் தனிப் புத்தகம் போட வேண்டிவரும்.