தம்பியைத் துடைக்கப் போய்…

உங்கள் நிரலை எங்களிடம் கொடுங்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் கிட்லேபின் தொழில். 2011இல் உக்ரைன்காரர் ஒருவர் ஆரம்பித்தது. பிறகு கம்பெனியாகி, ஊழியர்கள் ஆளுக்கொரு நாட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அந்தக் கிட்லேப், 2017 ஜனவரி 31 செவ்வாய்க்கிழமை ராத்திரி, தன் தரவுத்தளத்தைத் தானே அழித்துக்கொண்டது. ஹேக்கர் யாரும் வரவில்லை. தளம் மந்தமாக இருக்கிறதே, சரிபண்ணிவிட்டுப் படுப்போம் என்று நல்லெண்ணத்தோடு செய்த காரியம்.

குடும்பம் சின்னதுதான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் இரண்டு சர்வர்கள். டிபி1 அண்ணன், தளத்தின் மொத்தச் சுமையும் அவன் தலையில். டிபி2 தம்பி, அண்ணன் எழுதுவதைப் பார்த்துக் காப்பியடிப்பது தவிர வேறு வேலை கிடையாது. அண்ணனுக்கு ஏதாவது ஆனால் தம்பி பொறுப்பேற்க வேண்டும் என்று ஏற்பாடு. குடும்பச் சுமையை இப்படி ஒருத்தன் மேலேயே ஏற்றக்கூடாது என்று ஒரு இன்ஜினியருக்குத் தோன்றியது. சுமையைப் பங்குபோடும் பிஜிபூல் என்ற கருவியைச் சோதித்துப் பார்க்க, அன்று மாலை 5.20க்கு (எல்லாம் யூடிசி நேரம்) டிபி1இலிருந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துச் சோதனை சர்வரில் ஏற்றி வைத்தார். அன்றைக்கு அங்கே நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதையும் யாரும் பேக்கப்புக்காகச் செய்யவில்லை.

ஏழு மணி வாக்கில் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஸ்பேம் ஆசாமிகள் குப்பையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மகானுபாவர் தன் களஞ்சியத்தை ஊருக்கே கோப்பு விநியோகிக்கும் கிடங்காக மாற்றியிருந்தார். அவருடைய ஒரே கணக்கில் 47,000 ஐபி முகவரிகளிலிருந்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். முகவரிகளைத் தடுத்தார்கள், கணக்குகளை நீக்கினார்கள். ஆனாலும் பாரம் இறங்குவதற்குள் தம்பி பின்தங்கிவிட்டான். அண்ணன் எழுதும் வேகத்துக்கு அவனால் காப்பியடிக்க முடியவில்லை. அவன் வந்து சேருவதற்குள் அண்ணன் பழைய பதிவேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டான். அவற்றை வேறெங்காவது சேர்த்துவைக்கும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. இனி தம்பியை முழுக்கத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுத வைப்பதுதான் வழி.

இந்த இடத்தில் நம் கதாநாயகர், அதே இன்ஜினியர்தான், அவர் ஊரில் ராத்திரி பதினொன்று ஆகிறது, கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், கிளம்பாமல் உட்கார்ந்தார்.

முதலில் டிபி2இன் தரவு அடைவைக் காலி செய்தார். சரியான சர்வர், சரியான வேலை. பிறகு அண்ணனின் தரவைத் தம்பிக்கு நகலெடுக்கும் பிஜி பேஸ்பேக்கப் என்ற கட்டளையைத் தட்டினார். அனுப்புவதற்கு ஆள் போதவில்லை என்றது. டிபி1இல் மேக்ஸ் வால் செண்டர்ஸ் என்ற எண்ணை 3இலிருந்து 32 ஆக்கி, போஸ்ட்கிரெஸை நிறுத்தித் தொடங்கினார்கள். செமஃபோர் அதிகமாகக் கேட்கிறாய், எழுந்திருக்க மாட்டேன் என்றது போஸ்ட்கிரெஸ். பார்த்தால் இணைப்பு வரம்பு 8,000 என்று இருக்கிறது. 8,000 என்பது அடாவடி எண்தான், ஆனால் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அதோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை 2,000 ஆகக் குறைத்ததும் எழுந்தது. மறுபடி பேஸ்பேக்கப். இப்போது குறை எதுவும் சொல்லவில்லை. வேறெதுவும்கூடச் சொல்லவில்லை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பழுது பார்க்கிறவனுக்குப் பிழைச்செய்தியைவிட மௌனம் ஆபத்து. பிழைச்செய்தி வந்தால் கூகுளில் தேடலாம். மௌனத்தை வைத்து என்ன தேடுவது? காலியான அடைவு அங்கே கிடப்பதே பேஸ்பேக்கப்புக்குப் பிடிக்கவில்லையோ என்று நினைத்து, அடைவையே நீக்கிவிட 11.30 மணி வாக்கில் ஆர்எம் கட்டளையைத் தட்டினார். ஓரிரண்டு வினாடியில் உறைத்தது, திரையில் இருந்தது டிபி2 இல்லை, டிபி1. உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபி மிச்சம்.

தம்பி ஏற்கெனவே துடைக்கப்பட்டாயிற்று. இப்போது அண்ணனும் போயாயிற்று. தளம் அதற்குப்பின் மந்தமாக இல்லை, தளமே இல்லை.

சரி, பேக்கப் இருக்குமே! இருந்தது, ஐந்து விதமாக. எஸ்3 என்ற மேகக் கிடங்கைத் திறந்தார்கள்: காலி. தினமும் தரவுத்தளத்தின் நகலை (பிஜி டம்ப்) எடுத்து அங்கே அனுப்புவதாகத்தான் கணக்கு. ஆனால் சர்வரில் ஓடியது போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கப் போனது 9.2இன் கருவி. பதிப்பு ஒத்துவரவில்லை என்று அது ஒவ்வொரு நாளும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. திரும்பியதை மின்னஞ்சலில் சொல்லவும் செய்திருக்கிறது. அந்த மின்னஞ்சலுக்கு டிமார்க் முத்திரை இல்லாததால், அஞ்சல் சர்வர் அதைச் சந்தேகப் பேர்வழி என்று வாசலிலேயே திருப்பிவிட்டது. யார் மேல் கோபப்படுவது? எல்லோரும் அவரவர் கடமையைத்தான் செய்திருக்கிறார்கள். அஷூர் மேகச் சேவையின் வட்டு ஸ்னாப்ஷாட் கோப்பு சர்வர்களுக்கு உண்டு, தரவுத்தள சர்வர்களுக்கு மட்டும் போடவில்லை. தம்பியின் கதை தெரிந்ததே. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் வழக்கமான ஸ்னாப்ஷாட் இருந்தது, அதுவும் பழசு.

மிஞ்சியது மாலை 5.20க்கு வேறு காரியத்துக்காக எடுத்த அந்த ஒன்றுதான்.

நம் கதாநாயகர், இன்றைக்கு இனி நான் சூடோ என்ற நிர்வாகி அதிகாரத்தைப் போட்டு எதையும் தொடாமல் இருப்பதுதான் உத்தமம் என்று சொல்லிவிட்டு, மீட்பு வேலையைச் சக ஊழியரிடம் ஒப்படைத்தார். அந்த ராத்திரியின் மிகச் சிறந்த தொழில்நுட்ப முடிவு இதுவே என்பது என் தாழ்மையான கருத்து. இந்த விவரமெல்லாம் நமக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்களே எழுதினார்கள். நடக்க நடக்க, எல்லோரும் பார்க்கும்படி ஒரு கூகுள் ஆவணத்தில். போதாதென்று மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாக விட்டார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 5,000 பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள்? ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கோப்பு நகர்வதை! சோதனை சர்வரின் வட்டு மலிவு ரகம், நொடிக்கு 60 மெகாபிட்டுக்கு மேல் தராது. மந்தத்தைத் தீர்க்கக் கிளம்பியவர்கள் சுமார் 18 மணி நேரம் அந்த மந்தத்தின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பிப்ரவரி 1 மாலை தளம் திரும்பியது. நிரல் எதுவும் போகவில்லை, அது வேறிடத்தில் இருந்தது. ஸ்னாப்ஷாட்டுக்குப் பிந்திய ஆறு மணி நேரத் தரவுதான் போனது: குறைந்தது 5,000 ப்ராஜெக்ட், 5,000 கருத்து, சுமார் 700 பயனர் கணக்கு இதில் அடிபட்டன. இனிமேல் திரையில் சர்வரின் முழுப்பெயரும் தெரியவேண்டும், நிஜ சர்வருக்குச் சிவப்பு, சோதனைக்கு மஞ்சள் என்று செய்யவேண்டிய வேலைகளில் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஆற அமரத் தேடியதில் இரண்டு விஷயம் கிடைத்தது. அன்று அண்ணனை அழுத்தியது ஸ்பேம் மட்டும் இல்லை. யாரோ ஒரு விஷமி, கிட்லேபின் ஊழியர் ஒருவர் மேலேயே முறைகேட்டுப் புகார் கொடுத்திருக்கிறான். புகாரைப் பார்த்தவர், யார் என்னவென்று பார்க்காமல் நீக்கு என்று அமுக்கிவிட்டார். அந்த ஊழியரின் கணக்கையும் அவர் சம்பந்தப்பட்ட தரவையும் பின்னணியில் தேடித்தேடி அழித்துக்கொண்டிருந்த வேலையும் அந்தச் சுமையில் சேர்த்தி.

இரண்டாவது, பிஜி பேஸ்பேக்கப் எங்கேயும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. அண்ணன் தரவை அனுப்பத் தொடங்கும் வரை வாயைத் திறக்காமல் காத்திருப்பது அதன் சுபாவம். கிட்லேபின் கையேட்டில் இது அப்போது இருக்கவில்லை; போஸ்ட்கிரெஸின் ஆவணத்திலும் தெளிவாக இருக்கவில்லை. கண்டுபிடித்துச் சொன்னவர் அதே கம்பெனியின் இன்னொரு இன்ஜினியர். சம்பவம் நடந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை.