எமன் எத்தனை அடி ஏறுவான்?

1848, 49-இல் லண்டனுக்கு வந்த காலரா 14,000 பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனது. காரணத்தில் பெரிய மனிதர்கள் பலருக்குச் சந்தேகமே இல்லை: நாற்றம். ஊர்க் கழிவையெல்லாம் தேம்ஸில் விட்டுவிட்டு, அதிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் ஆளைக் கொல்கிறது என்று சாதித்தார்கள். அதே ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குடித்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பதிவாளர் அலுவலகத்தில் வில்லியம் ஃபார் என்றொரு புள்ளிவிவரப் புலி இருந்தார். இங்கிலாந்தில் யார் மண்டையைப் போட்டாலும், எமனுக்கு அடுத்தபடி சேதி இவருக்குத்தான் போகும். அவர் லண்டன் வட்டாரங்களைத் தேம்ஸிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்து அடுக்கினார். 20 அடிக்குக் கீழே 10,000 பேருக்கு 102 பேர் காலி. அதற்கு மேல் 40 அடிவரை 65. அடுத்த 20 அடியில் 34. 340 அடிக்கு மேலே வெறும் 7! உடனே ஒரு சூத்திரம் போட்டார். உயரத்தைக் கொடுத்தால் சாவு எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே வந்து விழுந்தது. இவ்வளவு அழகாகப் பொருந்தினால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? மேட்டில் காற்று சுத்தம், பள்ளத்தில் விஷம். 1852-இல் அறிக்கையும் வந்துவிட்டது.

பள்ளத்து ஜனங்களில் பலருக்கு வாய்த்தது ஆற்றின் படுமோசமான தண்ணீர் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. அதற்கு அடிக்கணக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதைப் பிடித்தவர் ஜான் ஸ்நோ, விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்த டாக்டர். தெற்கு லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகள் போட்டிபோட்டுக் குழாய் பதித்திருந்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் சாக்கடைக்கு எட்டாத மேலாற்றுக்குப் போய்விட்டது. சதக்-வாக்ஸால் கம்பெனி நகரத்துச் சாக்கடை கலக்கும் இடத்திலேயே உறிஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே உயரம், ஒரே நாற்றம், வேறு வேறு தண்ணீர். இதைவிடத் தோதான சோதனையை யாராலும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

ஒரே தொல்லை, யார் வீட்டில் எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று குடியிருப்பவருக்கே தெரியாது. தண்ணீர் வரி கட்டுவது வீட்டுக்காரர். ஸ்நோ அசரவில்லை. குப்பியில் தண்ணீர் பிடித்து வெள்ளி நைட்ரேட் விட்டார். நகரத்துத் தேம்ஸ் தண்ணீரில் உப்பு ஏகம். வெள்ளையாகத் திரண்டு கம்பெனியைக் காட்டிக்கொடுத்தது. 1854-இன் கொள்ளையில் முதல் ஏழு வாரத்துக் கணக்கு: 10,000 வீடுகளுக்குச் சதக்-வாக்ஸாலில் 315 சாவு, லாம்பெத்தில் 37. செத்தவர்களின் விலாசம் கொடுத்து உதவியவர் யார்? சாட்சாத் ஃபாரேதான். மனிதர் நேர்மையானவர், கொஞ்சம் மெதுவானவர்.

1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் பாராளுமன்றமே மூக்கைப் பிடித்தது. காலரா மட்டும் வரவில்லை. அந்தக் கோடையிலேயே ஸ்நோ போய்ச் சேர்ந்தார்.

1866-இல் கிழக்கு லண்டனில் கொள்ளை திரும்பியபோது ஃபார் உயரம் அளந்து நேரத்தை வீணாக்கவில்லை; நேரே தண்ணீர்க் கம்பெனியைப் பிடித்தார். வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை என்று கம்பெனி இன்ஜினியர் பத்திரிகையில் அடித்துச் சொன்னார். வாடிக்கையாளர் வீட்டுக் குழாயிலிருந்து வந்ததோ விலாங்கு மீன்.