சுவரைப் பார்த்த பிறகே ட்ரில் மெசின்

கேள்வி: ட்ரில் மெசின் வாங்கப் புறப்படுபவர் முதலில் எந்தக் கடைக்குப் போக வேண்டும்?

பதில்: கடைக்கு முன்னால் வீட்டுச் சுவரிடம் போக வேண்டும். எந்த மெசின், எந்த பிட் என்பதைச் சுவர்தான் தீர்மானிக்கிறது. சப்ரகமுவத் தோட்டப் பகுதிகளில் இது இரட்டிப்பு உண்மை. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமானாலும், பலாங்கொடை, இறக்குவானைத் தேயிலைத் தோட்டமானாலும், ஒரே தோட்டத்துக்குள் பல வகைச் சுவர்கள் இருக்கும். பழைய லயங்கள் பலவற்றில் கருங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர். 7 பேர்ச்சஸ் காணியில் எழும்பிய தனி வீடுகளில் சீமெந்துக் கல். டவுனுக்கு அண்டிய வீடுகளில் செங்கல், சில இடங்களில் கபொக் கல். பின்பக்கத்து அடுப்படிக்கும் மாட்டுப்பட்டிக்கும் பலகையும் தகரமும்.

பூச்சுக்குள் இருப்பது என்ன என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத ஒரு மூலையில் மெல்லிய பிட்டால் சோதனைத் துளை போட்டால் போதும். கொட்டும் தூளே விடை சொல்லிவிடும். சாம்பல் நிறம் சீமெந்துக் கல், சிவப்பு செங்கல், மஞ்சள் கலந்த செம்மண் போல உதிர்ந்தால் கபொக். வெண்தூள் கொஞ்சம் கொட்டிவிட்டு பிட் திடீரென நின்றால் உள்ளே கருங்கல் இருக்கிறது.

கேள்வி: கருங்கல் லயத்தில் சாமித் தட்டு மாட்டப் போனால் சுவர் தேயவில்லை, பிட்தான் தேய்கிறது. குற்றம் யாருடையது?

பதில்: பெரும்பாலும் மெசின் வகையுடையது. மலையகத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸ் மணிகள் நிறைந்திருக்கும். மோவின் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸின் இடம் 7. இரும்புக்கான சாதாரண உருக்கு பிட் அதில் உரசிச் சூடேறி நிமிடத்தில் மழுங்கிவிடும். சுவருக்கான பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடுத் துண்டு ஒட்டப்பட்டிருக்கும். அதன் கடினம் இரத்தினபுரியின் நீலக்கல்லோடு ஒரே படியில், ஏறத்தாழ 9இல் நிற்கிறது. ஆனாலும் கடினம் மட்டும் போதாது. கருங்கல்லைச் சுரண்டித் துளைக்க முடியாது. அடித்து நொறுக்கித்தான் துளைக்க வேண்டும்.

அடிக்கும் முறையில் இரண்டு உண்டு. இம்பாக்ட் ட்ரில்லுக்குள் பல் வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் அடிகள், ஆனால் ஒவ்வொன்றும் லேசானது. கை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் பலன். செங்கல், சீமெந்துக் கல், கபொக் ஆகியவற்றுக்கு அது தாராளம். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று ஒரு உருக்குக் கட்டையைத் தள்ளி பிட்டின் பின்புறத்தில் மோதவைக்கும். அடிகளின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு அடியும் கனமானது. மெசினைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், சாய்ந்து அமுக்கத் தேவையில்லை. கருங்கல்லுக்கும் கொங்கிறீற்றுக்கும் உரியது இதுவே.

இரண்டு துளைக்காக ரோட்டரி ஹேமரைச் சொந்தமாக வாங்குவது வீண் செலவு. தோட்டத்திலோ அடுத்த டவுனிலோ உள்ள ஒரு பாஸிடம் அரை நாள் வாடகைக்குக் கேட்பது புத்திசாலித்தனம். மெசின் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. கல்லுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட சாந்து மூட்டில் சாதாரண ட்ரில்லே இறங்கும். பழைய சுண்ணாம்புச் சாந்தின் பிடிமானம் குறைவு என்பதால் நீளமான பிளக் தேவை. அதிலும் சாமிப் படம், மணிக்கூடு, சிறிய தட்டு போன்ற இலேசான சாமான்தான் தொங்கலாம். பாத்திரம் அடுக்கிய தட்டை அந்த மூட்டை நம்பி மாட்டக் கூடாது.

கேள்வி: வீட்டுக்கு ஒரே ஒரு மெசின்தான் வாங்க முடியும் என்றால்?

பதில்: வயர் உள்ள இம்பாக்ட் ட்ரில், 13 மில்லிமீற்றர் வாய், 600 முதல் 750 வாட். விசையை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் கூடிக் குறைய வேண்டும். எதிர்ப்பக்கமும் சுழல வேண்டும். அடிக்கும் வேலையை நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டுக் கைப்பிடி அவசியம். பிட் சிக்கிக்கொண்டால் மெசின் முழுவதும் திரும்பி மணிக்கட்டை முறுக்கும். அதைத் தாங்குவது அந்தக் கைப்பிடிதான்.

கையில் பிடிக்கும் மின்சார ட்ரில்லை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பெயின் நிறுவனம் உருவாக்கியது 1895இல். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரல் விசையும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது 1917இல். நூறு ஆண்டு தாண்டியும் அந்த உருவம் மாறவில்லை. ஆகவே புதுப் புது வடிவங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமான விசாரணை, அந்த மெசினுக்குரிய கார்பன் பிரஷ்ஷும் சுவிட்சும் இரத்தினபுரியிலோ கேகாலையிலோ அவிசாவளையிலோ கிடைக்குமா என்பது. உதிரிப்பாகம் கிடைக்காத மெசின் மலிவாகக் கிடைத்தாலும் நட்டம்.

வாட் எண் கரண்டிலிருந்து மெசின் இழுக்கும் அளவைச் சொல்கிறதே தவிர, பிட்டின் நுனிக்கு வந்து சேரும் பலத்தைச் சொல்வதில்லை. 1,000 வாட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டு, கையில் எடுத்தால் பொம்மையைப் போல எடையற்று இருக்கும் மெசினை ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: பெட்டரி மெசின் இருக்க, வயரை இழுத்துக்கொண்டு திரிவானேன்?

பதில்: தினமும் வேலை செய்பவருக்கு பெட்டரி மெசின் வரம். கரண்ட் எட்டாத மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டத்து வேலி, கூரை ஓரத்துப் பீலி ஆகிய இடங்களிலும் அதுவே வசதி. ஸ்குரூ ஆணி முறுக்க அதைவிடச் சிறந்தது இல்லை; கழுத்தில் உள்ள எண் வளையத்தைத் திருப்பி, ஆணி குறிப்பிட்ட இறுக்கத்துக்கு வந்ததும் நின்றுவிடச் செய்யலாம். ஆனால் வருடத்தில் சில நாள் மட்டும் எடுக்கும் வீட்டில், லித்தியம் பெட்டரி சும்மா கிடந்தே முதுமையடையும். அப்போது மெசினின் விலையில் பெரும் பங்கை மறுபடி பெட்டரிக்குச் செலவிட நேரும். வயர் மெசின் பத்து மாதம் பெட்டியில் கிடந்தாலும் எடுத்த அன்றைக்கு ஓடும்.

18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு பெட்டி இருந்தால் 20ஐத் தேடி ஓட வேண்டாம். இரண்டிலும் ஐந்து கலங்கள்தான். புதிதாகச் சார்ஜ் ஏறிய கணத்தின் அளவைச் சிலர் 20 என்று அச்சிடுகிறார்கள், வேலையின் போதுள்ள அளவை மற்றவர்கள் 18 என்று அச்சிடுகிறார்கள்.

கேள்வி: ஹார்ட்வெயார் கடைக் கண்ணாடிக்குள் பொன் நிறம், கறுப்பு, வெள்ளி என்று பிட்கள் மின்னுகின்றன. அழகானதை வாங்கினால் என்ன?

பதில்: நிறம் ஏமாற்றும், நுனி ஏமாற்றாது. சுவர் பிட்டின் நுனியில் குறுக்காக ஒரு கார்பைடுத் தகடு, தண்டைவிடச் சற்று அகலமாகத் தெரிய வேண்டும். மர பிட்டின் நடுவில் ஊசி போன்ற ஒரு முள் இருக்கும். குறித்த புள்ளியை விட்டு அது வழுக்காது. இரும்பு பிட் கூம்பு நுனியோடு இருக்கும், மரத்துக்கும் உதவும். பொன் நிறம் என்பது டைட்டேனியம் நைட்ரைடுப் பூச்சு. நல்ல உருக்கின் மேல் பூசினால் ஆயுள் கூடும், மட்டமான உருக்கின் மேல் பூசினால் வெறும் நிறம்தான். துருப்பிடிக்காத எவர்சில்வர்த் தகட்டைத் துளைக்க வேண்டியவருக்கு கோபால்ட் கலந்த பிட் தேவைப்படும். சுவர் ஓடுக்கு ஈட்டி முனை பிட், அடிக்கும் பொத்தானை நிறுத்திவிட்டு.

நூறு துண்டுப் பெட்டியைவிட, நல்ல உருக்கில் 3, 4, 5, 6, 8 மில்லிமீற்றர் பிட்களும், சுவருக்கு 6, 8, 10 மில்லிமீற்றர் பிட்களும் வாங்கினால் வீட்டு வேலை ஏறக்குறைய முழுவதும் முடியும். மெசினில் சிக்கனம் பிடித்தாலும் பிட்டில் பிடிக்கக் கூடாது. நல்ல பிட் மாட்டிய சாதாரண மெசின், மட்டமான பிட் மாட்டிய உயர்ந்த மெசினை வெல்லும். வாங்கும்போது பிட்டைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். அடிப்பகுதியில் பள்ளம் வெட்டிய பிட் எஸ்டிஎஸ் வகை. அது ரோட்டரி ஹேமருக்கு உரியது, சாவியால் இறுக்கும் வாயில் சரியாக அமராது.

கேள்வி: துளை சரி, ஆணியும் சரி. பிறகு ஏன் தட்டு ஒரு வாரத்தில் தலை குனிகிறது?

பதில்: பிளக்கின் அளவு பிழைத்திருக்கும். 6 மில்லிமீற்றர் பிளக்குக்கு 6 மில்லிமீற்றர் பிட். ஒரு அளவு பெரிதாகப் போனாலே பிளக் உள்ளே சுழலும். துளையின் ஆழம் பிளக்கின் நீளத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் கூட இருக்க வேண்டும், தூளை ஊதி வெளியேற்றிய பிறகே பிளக்கை இறக்க வேண்டும். பூச்சுக்குள் மட்டும் நிற்கும் பிளக் பூச்சோடு சேர்ந்தே விழும். ரோல் பிளக் என்று கடைகளில் கேட்கப்படுவது, பிரித்தானிய நூதனசாலையின் சுவர்களைக் கெடுக்காமல் மின் சாதனங்களைப் பொருத்த 1910களின் தொடக்கத்தில் ஜோன் ரோலிங்ஸ் செய்த சணல் நார் பிளக்கின் வாரிசு. உள்ளே கூடு உள்ள சீமெந்துக் கல்லில் அடிக்கும் பொத்தானைப் போட்டால் மெல்லிய ஓடு உட்பக்கமாக உடைந்துவிடும். அங்கே சுழற்சி மட்டும் போதும். கூட்டுக்குள் போய் விரியும் வகை பிளக் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: அடுத்த காம்பிராவுக்குள் பிட் எட்டிப் பார்க்காமல் இருக்க என்ன வழி?

பதில்: லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பங்கள் சொந்தம். பிட்டில் தேவையான ஆழத்தில் நிறப் பட்டியைச் சுற்றிவிட்டால், பட்டி சுவரைத் தொட்டதும் நிறுத்திவிடலாம். அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுத் தொடங்குவது முறை. அந்தப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து ஒரு குழந்தை படுத்திருக்கக் கூடும்.

சுவருக்குள் ஓடும் வயர் அதைவிட ஆபத்து. புதிய வீடுகளில் குழாய் வழியாகப் புதைத்த வயர், சுவிட்சிலிருந்தும் பிளக் பொயின்ரிலிருந்தும் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ, சிலவேளை நேர் பக்கவாட்டிலோ போகும். அந்தக் கோட்டில் துளை போடவே கூடாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய வயரிங் உள்ள காம்பிராவில், முதலில் அதைப் பொருத்திக்கொள்வது மெசினைவிட அவசரமான செலவு.

கேள்வி: இறப்பர்ப் பலகைக்கும் பலாப் பலகைக்கும் ஒரே துளைதானா?

பதில்: ஒரே பிட் போதும், கவனம் வேறு. இறப்பர்ப் பலகை ஓரத்தில் எளிதில் வெடிக்கும். 4 மில்லிமீற்றர் ஸ்குரூ ஆணிக்கு முன்னால் 2.5 அல்லது 3 மில்லிமீற்றர் துளை போட்டால் வெடிக்காது. மருந்தேற்றாத இறப்பர்ப் பலகையைப் பூச்சி விரைவில் அரித்துவிடும். எவ்வளவு நேர்த்தியான துளையும் அதைக் காப்பாற்றாது. பலா கனமானது; துளையில்லாமல் முறுக்கினால் ஆணியின் தலை முறியும்.

கேள்வி: தகரமும் இரும்பும்?

பதில்: முதலில் பஞ்ச் வைத்து ஒரு தட்டு, அந்தக் குழியில் பிட் வழுக்காமல் நிற்கும். பெரிய துளைக்குக் குறைந்த வேகம்: இரும்பில் 3 மில்லிமீற்றர் பிட் நிமிடத்துக்கு 2,500 சுற்று வரை தாங்கும், 10 மில்லிமீற்றர் பிட்டுக்கு 800 சுற்றே அதிகம். இரண்டு துளி எண்ணெய் பிட்டின் ஆயுளைக் கூட்டும். கூரைத் தகரத்தில் துளை எப்போதும் மேட்டில்தான். பள்ளத்தில் போட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். துணிக் கையுறை அணிந்துகொண்டு ட்ரில் பிடிக்கக் கூடாது. சுழலும் பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். சேலைத் தலைப்பும் நீண்ட கூந்தலும் அப்படியே.

கேள்வி: இத்தனை மழை பெய்யும் ஊரில் பிட் துருப்பிடிக்காமல் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றர் அளவுக்கு மழை கொட்டுகிறது, துடைக்காமல் வைத்த பிட் ஒரு வாரத்தில் சிவக்கும். தையல் மெசின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மூடிய டப்பாவில் வைத்தால் போதும். மெசினுக்குள் தீப்பொறி அதிகமாகப் பறந்தால், அல்லது விட்டு விட்டு ஓடினால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அந்த பிரஷ் காரீயத்தில் செய்யப்படுவது. கேகாலை மாவட்டத்துப் போகலச் சுரங்கத்திலிருந்து வரும் காரீயம் உலகளவில் பெயர் பெற்றது. சிறு தொகைக்கு மாற்றக்கூடிய அந்தத் துண்டுக்காக முழு மெசினையும் வீசுபவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: அஸ்பெஸ்டஸ் கூரைச் சீட்டில் எந்த பிட்டால் துளைப்பது?

பதில்: எந்த பிட்டாலும் வேண்டாம். வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மெசின் வேகத்தில் சுழலும்போது கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி காம்பிரா முழுவதும் பரவும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. நுரையீரலுக்குள் போன நார் 20, 30 ஆண்டு கழித்துக்கூட நோயாக வெளிப்படும், ஆகவே அன்றைக்கு எதுவும் ஆகவில்லை என்பது ஆறுதல் ஆகாது. புதிய பொருத்து வேலை எதுவானாலும் சீட்டை விட்டுவிட்டு கீழுள்ள மரச் சட்டத்தில் செய்துகொள்ளலாம். தவிர்க்கவே முடியாத துளை என்றால், சீட்டை நன்றாக நனைத்து, உரிய வடிகட்டி மாஸ்க் அணிந்த அனுபவசாலி ஒருவர், கையால் சுழற்றும் துளைப்பானால், பிள்ளைகள் இல்லாத வேளையில் மெதுவாகச் செய்ய வேண்டும். விழுந்த தூளை உலர்ந்த நிலையில் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கட்டிப் புதைக்க வேண்டும். வாசகர்கள் இந்த ஒரு பதிலை மட்டுமாவது லயத்தில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.